‘ஃபார்மிடபிள்’ (formidable) என்ற இங்கிலீஷ் சொல்: உங்களை எங்கே உறுத்தியது?

கொழிஞ்சாம்பாறை:
பள்ளியில் இங்கிலீஷ் பேச்சுப் போட்டி. மகளின் மதிப்பெண் சீட்டில் நடுவர் ‘எ ஃபார்மிடபிள் ஸ்பீக்கர்’ என்று எழுதியிருந்தார். அகராதியைப் புரட்டிய தாய்மாமன், “அச்சமூட்டும் பேச்சாளராம்” என்றார். பிள்ளை முகம் சுண்டிப்போச்சு. சீட்டை வாங்கி நாலாக மடித்தாள், அதையும் மடித்து ஜியாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்கு அடியில் திணித்தாள். அதற்கப்புறம் எந்த மேடைக்கும் பெயர் கொடுக்கவில்லை. எனக்கு மனசே ஆறலைங்க.

குமுளி:
ஏலத்தோட்டம் பார்க்க வந்த பிரெஞ்சுக்கார அம்மா ஒருவர் எங்கள் வீட்டில் கப்பக்கிழங்கும் மீன்கறியும் சாப்பிட்டார். முதல் வாயிலேயே கண் கலங்க, “ஃபோர்மிதாப்ள்!” என்றார். காரம் ஏறிவிட்டதென்று அம்மா தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்தார். அவரோ தட்டை நீட்டி இன்னும் கறி கேட்டார். பிரமாதம் என்றுதான் அர்த்தமாம். அதனால் மகளிடம் தைரியமாகச் சொல்லுங்கள், அது வெறும் பாராட்டு.

செங்கோட்டை:
குமுளி அண்ணாச்சி, பிரெஞ்சை இதில் கலக்காதீங்க. இரண்டுக்கும் வேர் பயத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்தான், ஆனால் பிரெஞ்சில் பயம் தேய்ந்து பாராட்டு மிஞ்சியது. இங்கிலீஷில் பயமும் இருக்கும், மரியாதையும் இருக்கும். எங்கள் நிலத்தகராறில் எதிர்த்தரப்பு வக்கீலை எங்கள் வக்கீல் அப்படித்தான் சொன்னார். அன்று ராத்திரி அப்பா சாப்பிடவே இல்லை. சரி, மகள் விஷயத்துக்கு வருகிறேன். ‘லேசுப்பட்ட பிள்ளை இல்லை, எதிரில் நிற்பவன் யோசித்துத்தான் வாயைத் திறக்கணும்’ என்று நடுவர் எழுதியிருக்கிறார். எதிராளி, கோட்டை, பெரிய வேலை, ஒருவருடைய அறிவு எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் வரும். மீன்கறிக்கு வராது. உச்சரிக்கும்போது முதல் அசையில் அழுத்தம் கொடுக்கப் பழக்குங்கள். இரண்டாவதில் அழுத்துகிறவர்களும் பிரிட்டனில் உண்டு. முக்கியமாக, அர்த்தம் சொன்ன மாமனையே கூப்பிட்டு, பிள்ளையிடம் திருத்திச் சொல்ல வையுங்கள். நீங்கள் சொன்னால் சமாதானத்துக்குச் சொல்வதாக நினைப்பாள்.

வாளையார்:
அப்போ ‘டான்டிங்’ (daunting) என்கிற சொல்லும் இதுவும் ஒன்றா? ஜிஎஸ்டி வந்த புதிதில் எங்கள் லாரி ஆபீஸ் கணக்கர் அதைத்தான் சொல்லிச் சொல்லித் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

செங்கோட்டை:
ஒன்றில்லை. வேலையைப் பார்த்ததும் மனசு பின்வாங்குகிறதே, அந்த மலைப்புதான் டான்டிங். ஃபார்மிடபிள் எதிரில் இருப்பவருடைய பலத்தைச் சொல்வது. பிள்ளைக்கு வந்தது இரண்டாவது.