ஜான் கிரெகரி காலத்துல ஸ்டேடியத்துல இருந்தவங்க வாங்க

2017ல இருந்து 2019 வரைக்கும் நேரு ஸ்டேடியத்துல நம்ம ஐஎஸ்எல் ஃபுட்பால் டீம் சென்னையின் எஃப்சி மேட்ச் பாத்தவங்க ஞாபகம் இருக்கறத போடுங்கப்பா, நானே ஆரம்பிக்கறேன். கோச் மேட்டரஸி போயி அந்த எடத்துக்கு கிரெகரி வர்றார்னதும் யாருடா இந்த பெருசுன்னுதான் கேட்டேன், அப்பவே 63 வயசு. முத மேட்ச் கோவாவோட, ஹாஃப் டைமுக்குள்ள 3 கோல் வாங்கியாச்சு, பின்னாடி சீட்டுக்காரர் சமோசாவ மென்னுக்கிட்டே "வெளங்கிடும்"ங்கறார். ஆனா செகண்ட் ஹாஃப்ல 2 திருப்பி 3-2லதான் தோத்தோம், அதுல எனக்கு லேசா நம்பிக்கை வந்துச்சு. அதே கோவாவ செமில இதே கிரவுண்ட்ல 3-0ன்னு அனுப்பினோம், ஜெஜெ 2, நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ் 1. கணேஷ் அடிச்சப்போ ஸ்டாண்டே ஆடிச்சு, அது தனி சந்தோஷம்.

அண்ணே நான் ஃபைனலுக்கு பெங்களூர் போனேன், 2018 மார்ச் 17. எதிர் டீம் பெங்களூர் எஃப்சி, அவங்க ரசிகர்களும் ப்ளூ நம்மளும் ப்ளூ, கூட்டத்துல எவன் யாருன்னே தெரியல. 9வது நிமிஷம் அவங்க சேத்ரி அடிச்சதும் பக்கத்துல இருந்தவன் என்ன கட்டிப்புடிச்சு குதிக்கறான், அப்புறம் ஜெர்சில இருந்த லோகோவ பாத்துட்டு கைய எடுத்தான் பாருங்க! அப்புறம் நம்ம மைல்சன் ஆல்வ்ஸ் ரெண்டு ஹெட்டர், ரெண்டுமே நெல்சன் கார்னர், அப்புறம் ரஃபேல் அகஸ்டோ. கடைசில அவங்க மிக்கு ஒண்ணு போட்டு வயித்த கலக்கினாலும் 3-2 கப்பு நம்மளுது. கிரெகரி கார்னர், ஃப்ரீ கிக்குல பசங்கள எவ்ளோ பெண்டு நிமித்தியிருப்பார்னு அன்னிக்குதான் தோணுச்சு.

எனக்கு இவர் புது ஆள் இல்ல தம்பிகளா, 98லயே டிவில பாத்தவன் நான். இங்கிலாந்துல வைகோம்ப்னு சின்ன டீம்ல மேனேஜரா இருந்தவர ஆஸ்டன் வில்லா மேனேஜரா கூப்ட்டாங்க, அந்த வருஷ கிறிஸ்மஸுக்கு வில்லாதான் பிரீமியர் லீக்ல ஃபர்ஸ்ட்டு. சீசன் ஆரம்பத்துலயே வில்லா ஸ்ட்ரைக்கர் யார்க் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு போனதுல கிரெகரி கொதிச்சுப் போயிருந்தார், யார்க் இல்லாமயே அந்த ஓட்டம் ஓடினாங்க. 2000ல பழைய வெம்ப்ளி ஸ்டேடியத்தோட கடைசி எஃப்ஏ கப் ஃபைனல், செல்சிகிட்ட 1-0ல போச்சு. ப்ளேயரா இருந்தப்போ 82ல அவரோட லண்டன் டீம் க்யூபிஆருக்கும் அதே கப்புல இதே கதை, ஃபைனல் ரீப்ளேல டாட்டன்ஹாம்கிட்ட 1-0. இங்கிலாந்துக்கும் 6 மேட்ச் ஆடியிருக்கார். வில்லால 2ல இருந்து 11 வரைக்கும் எல்லா நம்பர் சட்டையும் போட்டு ஆடினவர், கோல்கீப்பர் க்ளவுஸ்தான் பாக்கி. அப்பேர்ப்பட்ட ஆளு நம்ம பெரியமேட்டு ஸ்டேடியத்துல வந்து நின்னப்போ டீ க்ளாஸ கீழ வெச்சிட்டு பேர ரெண்டாவது தடவ படிச்சேன்.

எல்லாம் சரி சார், அடுத்த சீசன ஏன் யாரும் எடுக்க மாட்டேங்கறீங்க? 18 மேட்ச்ல 2 வின்னு, 9 பாயிண்ட்டு, கடைசி இடம். கப்பு அடிச்ச டீம் இப்படி விழுந்து நான் பாத்ததில்ல, நான் நாலு மேட்சோட போறதையே நிறுத்திட்டேன், இன்னிக்கும் அது ஒரு உறுத்தல்தான். 2019 நவம்பர்லதான் திரும்பப் போனேன், ஹைதராபாத்தோட. சீசன்ல அதுவரைக்கும் ஒரு வின்னு கூட இல்ல, 90 நிமிஷமும் 0-0. என் மச்சான் "நான் போய் வண்டிய எடுக்கறேன் மாமா, கூட்டம் வந்துடும்"னு எந்திரிச்சுட்டான். இஞ்சுரி டைம்ல ஷெம்ப்ரி அடிச்சார், கத்தி முடிக்கறதுக்குள்ள அவங்க ஈக்வல் பண்ணிட்டாங்க, தலைல கைய வெச்சு உக்காந்தேன், உடனே வால்ஸ்கிஸ் இன்னொண்ணு! தொண்ட போச்சு. அடுத்த மேட்ச் ஒடிசாவோட 2-2, அதோட கிரெகரி கெளம்பிட்டார், அவர் கைல நம்ம கடைசி வின்னு அந்த ஹைதராபாத் மேட்ச்தான்.

அன்னிக்கு வெளிய வந்தா மச்சான் வண்டி மேல உக்காந்துக்கிட்டு, "ரெண்டு தடவ சத்தம் கேட்டுச்சே மாமா, 2-0வா?"ங்கறான்.