ஹை பீம் போட்டால் இரண்டு லைட்டும் அணைகிறது: சுவிட்சா, வயரிங்கா?

கேள்வி:
பழைய ஹேட்ச்பேக், எச்4 பல்பு (ஒரே பல்பில் லோ, ஹை என இரண்டு இழை). லோ பீம் சரியாக எரிகிறது. லீவரை இழுத்துப் பாஸ் லைட் அடித்தால் ஹை பீமும் வருகிறது. ஆனால் முன்னால் தள்ளினால் இரு பக்கமும் இருட்டு. மீட்டரில் நீல விளக்கும் இல்லை. ஃபியூஸ், பல்பு நன்றாக இருக்கின்றன. காம்பினேஷன் சுவிட்சையே (ஸ்டியரிங் அடியில் லீவரோடு இருக்கும் சுவிட்ச்) மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். அதற்கு முன் எதைப் பார்க்கலாம்?

பதில் 1:
பாஸ் லைட் எரிவதால் ஹை பீம் இழையும் அதன் வயரும் சரி. லோ எரிவதால் ஹெட்லைட் சுவிட்ச் வரை சப்ளை வருகிறது. மிச்சம் டிம்மர் (லோ, ஹை மாற்றும் பகுதி) காண்டாக்ட்தான். லீவரைத் தள்ளிப் பிடித்து லேசாக அசையுங்கள். விட்டுவிட்டு எரிந்தால் காண்டாக்ட் கருகியிருக்கும், அல்லது உள்ளே பிளாஸ்டிக் தேய்ந்து லீவர் நடுவில் நிற்கும். கருகலைச் சுத்தம் செய்து பார்க்கலாம். தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

பதில் 2:
கழற்றும் முன் அளந்துவிடுங்கள். ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள மூடியை எடுத்தால் கப்ளர் (சுவிட்சின் வயர்களைச் சேர்க்கும் இணைப்பி) தெரியும். அதைப் பிடுங்காமல், ஹை பீம் நிலையில், டிம்மரின் உள்வரும் முனைக்கும் ஹை பீம் முனைக்கும் இடையே வோல்ட் பாருங்கள். அரை வோல்ட்டுக்குள் என்றால் காண்டாக்ட் நல்லது. பேட்டரி வோல்ட் முழுதும் காட்டினால் அது சேரவே இல்லை. சில கார்களில் சுவிட்ச் எர்த் பக்கம் (பல்புக்கும் பாடிக்கும் இடையே) இருக்கும். அங்கே டெஸ்ட் லாம்ப்பைப் பாடியில் மாட்டிச் சோதித்தால் குழப்பும், இந்த அளவீடு குழப்பாது.

ஏர்பேக் இருந்தால் சுவிட்சைத் தொடும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருங்கள். கிளாக் ஸ்பிரிங்கை (ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏர்பேக்குக்குப் போகும் சுருள் வயர்)ச் சுழற்றவே கூடாது.

கேட்டவர்:
11.8 வோல்ட் காட்டுகிறது. கப்ளரில் ஒரு முனை பழுப்பேறி, சுற்றிய பிளாஸ்டிக் இளகியிருக்கிறது. பல்பு 100/90 வாட் (ஹை/லோ).

பதில் 3:
அந்தப் பல்புதான் காரணம். 60 வாட் இரண்டுக்கு 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். 100 வாட் இரண்டுக்கு ஏறக்குறைய 17. காண்டாக்ட்டில் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், அதாவது 2.8 மடங்கு. சுவிட்சை மட்டும் மாற்றினால் இளகிய முனை புதியதையும் கருக்கிவிடும். கப்ளர் முனையையும் சேர்த்து மாற்றுங்கள். பல்பு 60/55க்குத் திரும்பட்டும்.

ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) வைப்பது இன்னும் நல்லது: லோவுக்கு ஒன்று, ஹைக்கு ஒன்று. ரிலேயில் எண் போட்ட முனைகள் இருக்கும். 30ஆம் முனைக்குப் பேட்டரியிலிருந்து நேரடி வயர், பேட்டரிக்கு அருகிலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ். 87ஆம் முனை பல்புக்கு. ரிலேயின் சுருள் முனைகளான 85, 86 இரண்டையும் பழைய பல்பு சாக்கெட்டின் பொது முனைக்கும் உரிய பீம் முனைக்கும் கொடுங்கள், ஒன்றைப் பாடியில் எர்த் செய்யாதீர்கள்; எர்த் பக்கச் சுவிட்ச் உள்ள காரில் ரிலே இழுக்காது. பல்புக்குப் போகும் வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் இருக்கட்டும்.