பஞ்சு போடுவதற்கு முன் ஓட்டையைத் தேடுங்கள்

தென்காசியிலிருந்து போய் ஒட்டாவாவில் வீடு வாங்கிய தம்பி கேட்டிருந்தார்: "ஹால் குளிருது அண்ணாச்சி, அட்டிக்ல இன்சுலேஷனை இன்னும் ஏத்தலாமா?" கொஞ்சம் பொறுங்கள் தம்பி. கனடாவில் என் முதல் குளிர்காலத்தில் நானும் அதைத்தான் செய்தேன். நல்ல பணம் கொடுத்து மேலே அட்டிக்கில், அதாவது சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே உள்ள இடத்தில், சூடு காக்கும் இன்சுலேஷன் பஞ்சு போட்டேன். போட்ட ஆள் காற்று கசியும் ஓட்டை எதையும் பார்க்கவில்லை. ஜனவரியில் ஹாலில் கால் வைக்க முடியாத குளிர் அப்படியே இருந்தது.

இப்போது லீவுக்கு அம்பாசமுத்திரம் வந்திருக்கிறேன். ஆனி மாதம், சாரல் நேரம். நேற்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பைக்கில் புளியரை வரை போனேன். செங்கோட்டைக் கணவாய்க் காற்று கம்பளிக்குள் புகுந்து நெஞ்சைத் தொட்டது. மேலே மழைக்கோட்டு மாட்டியதும் நின்றுவிட்டது. கண்ணாடி இழைப் பஞ்சும் அந்த ஸ்வெட்டர் மாதிரிதான். தனக்குள் காற்றை அசையாமல் பிடித்து வைத்தால்தான் சூடு காக்கும். ஊடே காற்று ஓடினால் எவ்வளவு போட்டாலும் வீண்.

நம் ஊர்ப் பழைய வீடுகளில் சுவர் உச்சியில் வெண்டிலேட்டர் வைத்தது எதற்கு? சூடான காற்று ஏறி அந்த வழியே போய்விடும், கீழே முற்றத்துப் பக்கமிருந்து குளிர்ந்த காற்று வரும். அங்கே குளிர்காலத்தில் உங்கள் வீடு இதே வேலையைத் தானாகச் செய்கிறது. அட்டிக் மூடி, சீலிங்கில் பதித்த விளக்குகள், குழாய் ஏறும் துளைகள் வழியாகச் சூடு போகிறது. தரைக்குக் கீழிருக்கும் பேஸ்மென்ட் அறைச் சுவரின் மேல் மர உத்தரம் உட்காரும் இடுக்கில் குளிர் நுழைகிறது. ஜன்னலை மட்டும் பழி சொல்லாதீர்கள்.

தேடுவதற்கு ஊதுபத்தி போதும். காற்று வீசும் குளிர்ந்த நாளாகப் பாருங்கள். முதலில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், கேஸ் ஹீட்டர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இதை விட்டுவிடாதீர்கள், பிறகு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு அது காற்றை இழுக்கும்போது வெளியே போக வேண்டிய நச்சுப்புகை வீட்டுக்குள் திரும்பலாம். அப்புறம் ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பத்தியைத் திரைச்சீலையில் படாமல் மெல்லக் கொண்டு போங்கள். என் வீட்டில் அட்டிக் மூடிக்குக் கீழே நேராக ஏறிய புகை, விளிம்பருகே நூல் போல வளைந்து இடுக்குக்குள் மறைந்தது. சமையலறை, பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன்களைப் போட்டதும், வெளிச்சுவர் பிளக் பாயின்ட்டிலிருந்து வந்த காற்றில் பத்திப் புகை என் முகத்துக்கு அடித்தது. மேலே ஏறிப் பஞ்சைத் தூக்கினால், ஒரு குழாயைச் சுற்றி மட்டும் கரிப்பிடித்த மாதிரிக் கறுப்பு. வருடக்கணக்காக ஊடே போன காற்றின் தூசியைப் பஞ்சு வடிகட்டி வைத்திருந்தது. சரி, வழி இதுதான் என்று அன்றைக்குப் புரிந்தது.

சூடு, குளிர் வித்தியாசத்தைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா அங்கே சில ஊர்களில் நூலகத்திலேயே இரவல் கிடைக்கும். உள்ளுக்கும் வெளிக்கும் 10 டிகிரி செல்சியஸாவது வித்தியாசம் வேண்டும்; விடியுமுன் பார்ப்பது நல்லது. கண்ணாடியும் பளபளக்கும் உலோகமும் அதில் ஏமாற்றும். வீட்டின் சூட்டு இழப்பைச் சோதிக்கும் எனர்ஜி ஆடிட்டரை வரவழைத்தால் வாசலில் பெரிய ஃபேன் மாட்டி, 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசத்தில் வீட்டில் எவ்வளவு காற்று கசிகிறது என்று அளந்து சொல்வார். மானியம் வாங்கும் எண்ணம் இருந்தால், வேலை தொடங்கும் முன்பே இந்த ஆடிட் கேட்கிறார்களா என்று விசாரியுங்கள்.

அட்டிக்கில் பழுப்பாக, சிறு கூழாங்கல் மாதிரி மினுங்கும் வெர்மிகுலைட் என்ற தாதுத் துகள் கிடந்தால் கிளறவே வேண்டாம். நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம், பரிசோதனைக்கு ஆள் கூப்பிடுங்கள். இடுக்குகளை அடைத்த பிறகு கார்பன் மோனாக்சைடு அலாரம் வேலை செய்கிறதா என்றும் பாருங்கள்.

வீடு எந்த வருடம் கட்டியது, பேஸ்மென்டில் உத்தரம் கண்ணுக்குத் தெரிகிறதா என்று எழுதுங்கள் தம்பி. எங்கே தொடங்கலாம் என்று சொல்கிறேன்.