மீன்வாடிக் கொலைக் காட்சி: எவ்வளவு காட்டலாம்?

உப்புவெளிக்கரை:
வணக்கம். 18 நிமிசக் குறும்படம் ஒண்டுக்கு ஆயத்தம் நடக்குது. வலைக்கடன் தகராறில தம்பி அண்ணனைக் குத்திப்போடுறான். இடம் கடற்கரை மீன்வாடி, நேரம் விடியப்புறம். எழுத்தில ஐஞ்சு குத்து இருக்கு, எல்லாம் கிட்டக் காட்சி, ரத்தம் வலையில தெறிக்கிற வரைக்கும். இயக்குநருக்கு அது அப்பிடியே வேணும். கமெராக்காரர் ஒரு சொட்டும் காட்டக்கூடாது, சத்தம் காணும் எண்டு நிக்கிறார். முதல் திரையிடல் திருகோணமலை நகர மண்டபத்தில, குடும்பமா வாற சனத்துக்கு. பிறகு யூடியூப்பில போடுவம். எவ்வளவு காட்டினால் சரி? ரத்தத்துக்கு என்ன பாவிக்கிறது? இதையே சிறுகதையாவும் எழுதவேணும், அதுக்கும் இதே அளவுதானா?

வெட்டுமேசை:
காட்டுறதா விடுறதா எண்டு பிறகு பாப்பம். முதல்ல அந்த ஐஞ்சில கதைக்கு எத்தினை வேணும் எண்டு பாருங்கோ. முதல் குத்து கோவத்தில விழுறது. குத்தினவனே திகைச்சுப் போவான். ரெண்டாவது, தெரிஞ்சு செய்யிறது. கொலை அங்கதான் நடக்குது. மூண்டு, நாலு, ஐஞ்சு புதுசா ஒண்டும் சொல்லேல்ல. அந்த நேரத்தில பார்க்கிறவன் கத்தி ரப்பரா இரும்பா எண்டு தேடத் தொடங்கிடுவான்.

செக்கனுக்கு 25 ஃபிரேமில எடுக்கிறீங்கள் எண்டு வைச்சுச் சொல்றன். கை பின்னுக்குப் போய் முன்னுக்கு வாறது 20 ஃபிரேம். உடம்பில படுறதுக்கு 2 ஃபிரேம் முன்னம் வெட்டி அண்ணன்ட முகத்துக்குப் போங்கோ. குத்தின சத்தம் சரியா அந்த வெட்டில விழவேணும், பிந்தினால் டப்பிங் மாதிரிக் கேக்கும். முகம் 2 செக்கன், வலையைப் பிடிக்கிற கை 3 செக்கன். ரெண்டாம் குத்தை வாடிக்கு வெளியில நிண்டு கிடுகு இடுக்கால எடுங்கோ. பிறகு கொலையை விட நீளமாத் தம்பியிலயே நில்லுங்கோ: 8, 10 செக்கன் அசையாமல். அவன் கத்தி கழுவுறதை முழுசாக் காட்டுங்கோ. வேலை முடிஞ்ச மீன்காரன் கழுவுற மாதிரியே கழுவட்டும். கொடூரம் அதுக்குள்ள இருக்கு.

ஹிட்ச்கொக்கின்ட ‘சைக்கோ’ படத்துக் குளியலறைக் கொலை திரையில முக்கால் நிமிசமளவுதான். அதுக்கு எழுபதுக்கு மேல கமெரா நிலைகள். ரத்தம் எண்டு ஓடினது சொக்லேட் சிரப். 1960இல கறுப்பு வெள்ளைப் படம் எண்டபடியால நிறம் பிரச்சினை இல்லை. கத்தி உள்ள போறதைக் கண்ட மாதிரி எல்லாரும் சொல்லுவினம், அதைச் செய்தது வெட்டும் சத்தமும்தான்.

ஒலிக்கு ஒரு முழுக் கோவாவை (முட்டைக்கோசை) ஈரத்துணியால சுத்தி மொத்தமான கத்தியால குத்துங்கோ, மைக் ஒரு அடி தள்ளி. வத்தகப்பழம் வேண்டாம், தண்ணிச் சத்தம் கூடிப் பகிடியாப் போயிடும். உருவேக்க ‘சலங்’ எண்டு வாள் சத்தம் போடாதேங்கோ, துணியில இருந்து வாற கத்தி அப்பிடிச் சத்தம் போடாது. துணி, மொத்தமான அடி, மூச்சு எண்டு மூண்டு அடுக்குக் காணும். மூச்சை நடிகரிட்ட தனியா எடுத்து வையுங்கோ. அது சரிவராட்டி மற்ற ரெண்டாலயும் பிரயோசனமில்லை.

செஞ்சாயம்:
ரத்தத்தைப் பற்றி மட்டும் சொல்றன். ரெண்டு கப் சீனிக்கு ஒரு கப் தண்ணி, கரண்டியில ஒட்டுற பாகு வரைக்கும் காய்ச்சி ஆறவிடுங்கோ. அதில ஒரு கப்புக்கு சிவப்புச் சாப்பாட்டுச் சாயம் ரெண்டு தேக்கரண்டி, கொக்கோ அரைத் தேக்கரண்டி, நீலச் சாயம் ஒரே ஒரு சொட்டு. கொக்கோவை முதல்ல சுடுதண்ணியில கரையுங்கோ, நேரே போட்டால் கட்டி கட்டியா நிக்கும். நீலம் ரெண்டு சொட்டாப் போனால் நாவற்பழ நிறம்.

வெள்ளை எல்ஈடி வெளிச்சத்தில இதின்ட நிறம் மாறித் தெரியலாம். அதனால அதே சேட்டுத் துணியில, அதே லைட்டில, அதே கமெராவால முதல் நாளே பாருங்கோ. நைலோன் வலையில சொட்டு நிக்காது, உருண்டு விழும். பாத்திரம் கழுவுற திரவம் ரெண்டு சொட்டு விட்டால் படியும், ஆனா அந்தக் கலவை வாய்க்குக் கிட்டப் போகக்கூடாது. வாயில வாற ரத்தத்துக்கு வேற போத்தல் வையுங்கோ. தோலில முதல்ல வாசலின் பூசாட்டி நடிகருக்கு ரெண்டு நாள் சாயம் போகாது. மீன்வாடி எண்டபடியால இலையானும் எறும்பும் பாகுக்கு வரும், மூடி வைச்சு எடுக்கிற நேரம் மட்டும் ஊத்துங்கோ.

கத்திக் காயத்தில ரத்தம் ஃபவுண்டன் மாதிரிப் பாயவேணும் எண்டில்லை. கன நேரம் உள்ளுக்குள்ளதான் கசியும், வெளியில சின்னக் கீறல், பிறகு துணியில மெல்லப் பரவுற ஈரம். சேட்டுக்கு உள்ளால ஸ்பொஞ்சுத் துண்டு ஒண்டு, மீன்தொட்டிக் குழாய், 20 மில்லி சிரிஞ்ச். குழாயைப் பாகால நிரப்பிப்போட்டு வையுங்கோ, காத்து நிண்டால் புஸ் எண்டு துப்பும். முழுக் காட்சிக்கும் 150 மில்லி தாராளம். ஒரே மாதிரிச் சேட்டு மூண்டு வேணும். காலமைக் காட்சியில ரத்தம் மண்ணிறமா மாறியிருக்கவேணும், பாகு தானா மாறாது, கொக்கோவைக் கூட்டுங்கோ. அலகு கைபிடிக்குள்ள போற விளையாட்டுக் கத்தியை உடம்பில அழுத்தாதேங்கோ, சுருள்கம்பி இறுகினால் குத்திப்போடும்.

கன்னியா:
கமெராக்காரரின் பக்கம் எல்லாரும் சாய்வதால் மறுபக்கம் சொல்கிறேன். மறைப்பதும் பொய்யாகலாம். அமெரிக்காவில் 1984இல் வந்த பிஜி-13 என்ற திரைப்படத் தரச் சான்றிதழைப் பாருங்கள். நூறு பேர் சுடப்பட்டு விழலாம். இரத்தம் தெரியாவிட்டால் பிள்ளைகளும் பார்க்கலாம். துவக்குச்சூடு பட்டவன் பின்னால் பறப்பதும், தலையில் அடி வாங்கி மயங்கியவன் அரைமணி நேரத்தில் எழும்பி ஓடுவதும் இந்தத் துப்புரவான வன்முறையின் பிள்ளைகள். அந்த வேகத்தில் ஆளைப் பறக்கவிடும் குண்டு, சுட்டவனையும் பின்னால் தள்ளியிருக்கும். அதனால் குத்தை மறையுங்கள், உடலை மறைக்காதீர்கள்.

சிறுகதைக்கு அளவு வேறு. புறநானூறு 278இல் மகன் புறமுதுகிட்டான் என்று கேட்ட முதியவள் வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். ‘சிதைந்து வேறாகிய’ என்ற இரண்டே சொல்லில் மகனின் உடல் கிடக்கிறது. எந்த உறுப்பு, எத்தனை வெட்டு என்று ஒன்றும் இல்லை. ஆனால் அவள் கை புரட்டுவதை நாம் விடாமல் பார்க்கிறோம். கலிங்கத்துப்பரணியோ நேர்மாறு: பேய்கள் பிணத்தைக் கொண்டு கூழ் அடுகின்றன, பக்கம் பக்கமாக. அது பேய்களின் விருந்து என்பதால், அந்தக் கிண்டல் தொனியில், தாங்குகிறது. உங்கள் மீன்வாடிக்கு அந்தத் தொனி ஒட்டாது.

எழுதும்போது நடப்பது இதுதான். ‘கொடூரமாக, வெறித்தனமாகக் குத்திக் குதறினான், இரத்தம் ஆறாகப் பெருகியது’ என்று எழுதினால் வாசகர் கண் வழுக்கிக்கொண்டு அடுத்த பந்திக்குப் போய்விடும். ‘அண்ணன் வலையைப் பிடித்தான். மிதப்புக்கட்டை ஒன்று கழன்று உருண்டு தம்பியின் காலில் முட்டி நின்றது. அவன் அதைக் குனிந்து எடுத்தான்’ என்றால் நிற்பார். வினையடைகளை வெட்டுங்கள்.

கோட்டைவாசல்:
ஒருத்தரும் மண்டபத்தைப் பற்றிச் சொல்லேல்ல. இங்க முன்வரிசையில இருக்கப்போற சனத்தில உண்மையான பிணத்தைப் பார்த்த ஆக்கள் கன பேர். யுத்தமும் 2004 சுனாமியும் இந்தக் கரையில நடந்ததுதானே. அவைக்கு ரத்தத்தை விடத் திடீர்ச் சத்தம்தான் கூடப் பாதிக்கும். அதனால படம் தொடங்க முன்னம், கறுப்புத் திரையில, ‘கத்திக்குத்தும் இறந்த உடலும் காட்டப்படும்’ எண்டு ரெண்டு வரி, 6 செக்கன் விடுங்கோ. அதை அழைப்பிதழிலயும் போடுங்கோ, வந்து இருந்த பிறகு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு எழும்புறது கஷ்டம். கொலைக்கு முன்னம் ஒலியைத் தாழ்த்திக் கொண்டுபோய் ஒரேயடியா உயர்த்திற பழக்கம் வேண்டாம். மண்டப ஸ்பீக்கரில போட்டுப் பாருங்கோ, மடிக்கணினியில கேக்கிற அளவு அங்க இராது.

படப்பிடிப்புக்கு முதல் பொலிஸில எழுத்தில அறிவியுங்கோ. விடியப்புறம் கடற்கரையில ரத்தச் சேட்டோட ஓடுற ஆளைக் கண்டால் யாரும் படம் எண்டு நினையாயினம். பிரெட்ரிக் கோட்டைப் பக்கமும் கடற்படைத் தளம் தெரியிற பக்கமும் கமெராவைத் திருப்பாதேங்கோ. ட்ரோன் எண்டால் சிவில் விமான அதிகாரசபைட அனுமதி வேணும்.

உப்புவெளிக்கரை:
நன்றி எல்லாருக்கும். இயக்குநர் ரெண்டு குத்துக்கு இறங்கி வந்திட்டார், ஆனா வலையில தெறிக்கிறதை விடமாட்டாராம். செஞ்சாயம் அண்ணை, கத்தி கழுவுற காட்சி கடல் தண்ணியில. பாகு கரையுமா?

செஞ்சாயம்:
பாகு உடன கரையும், சாயம் போகாது. அந்தக் காட்சிக்கு மட்டும் கையில வாசலின் பூசாதேங்கோ, விரலிடுக்கில சிவப்பு நிக்கட்டும். ஒரு தரம் கழுவினால் ரெண்டாம் டேக்குக்குக் கை சரிவராது, அதனால கடைசி ஷொட்டா வையுங்கோ. தெறிப்புக்குப் பழைய பல்துலக்கி: கொஞ்சம் பாகு தொட்டுக் கட்டைவிரலால ஒருக்கால் மட்டும் சுண்டுங்கோ. ரெண்டாந்தரம் சுண்டினால் பெயின்ற் அடிச்ச மாதிரி இருக்கும்.