ஹிஸ்டோபதோலஜி எடுக்கலாமோ? மார்புப் புற்றுநோய் றிசேர்ச் யாழ்ப்பாணத்தில இருந்து சரிவருமோ?

வடலி:

எல்லாருக்கும் வணக்கம். இஞ்ச யாழ்ப்பாணத்தில இன்ரேர்ன்ஷிப் முடியிற கட்டத்தில நிக்கிறன், இப்ப சேர்ஜிக்கல் வாட். பீஜிஐஎம் (பட்டமேற்படிப்பு மருத்துவ நிறுவகம்) சோதினைக்கு எதை எடுக்கிறது எண்டு மண்டை காயுது. எனக்கு ஹிஸ்டோபதோலஜி விருப்பம், அதுதான் வெட்டியெடுத்த சதையை மைக்கிரஸ்கோப்பில பாத்து வருத்தம் சொல்லுற துறை, அதிலயும் மார்புப் புற்றுநோய்ப் பக்கம். பைனல் இயரில ஒரு சேர் ரெண்டு பேர் பாக்கிற மைக்கிரஸ்கோப்பில இருத்தி ஒரு சிலைட் காட்டினவர், ஒற்றை ஒற்றையா செல் வரிசையாப் போகுது, சுவரில எறும்பு போறமாதிரி. "இது லொபியூலர் கார்சினோமா, தடவினாலும் சிலவேளை பிடிபடாது, மமோகிராமிலயும் ஒளிச்சிடும், இஞ்ச வந்துதான் அம்பிடும்" எண்டார். அண்டைக்குப் பிடிச்ச விசர் இன்னும் விடேல்ல.

சிக்கல் அம்மாதான். "உது பிணம் வெட்டுற வேலையெல்லோ பிள்ளை, உதுக்கோ இவ்வளவு படிச்சனீ" எண்டு ஒரே புலம்பல். சித்தப்பா அதுக்கு மேல, பின்னேரம் சனலிங் (தனியாரில காசுக்கு நோயாளி பாக்கிறது) இல்லாத டொக்டர் என்ன டொக்டர் எண்டுறார். எனக்கும் உள்ளுக்க பயம் இருக்கு, ஆக்களையே காணாமல் அறைக்குள்ள இருந்து சலிச்சுப் போகாதோ? றிசேர்ச் எண்டா பெரிய மெசின் எல்லாம் உள்ள இடத்தில இருந்தாத்தானே ஏலும்? இந்தத் துறையில உள்ளவை ஆரும் இருந்தா சொல்லுங்கோ.

கண்ணாடித்துண்டு:

தங்கச்சி, முதல்ல அம்மாட்ட ஜேஎம்ஓ (சட்ட வைத்திய அதிகாரி) எண்டு ஒருத்தர் இருக்கிறார் எண்டு சொல்லும், பொலிஸ் கேசு, மரண விசாரணை எல்லாம் அவற்ற வேலை. எங்களுக்கும் ட்ரெயினிங்கில ஓட்டோப்சி இருக்குத்தான், பொய் சொல்லேல்ல, ஆனா நாள் முழுக்க எங்கட மேசையில கிடக்கிறது உயிரோட இருக்கிற ஆக்களின்ர சதை. அந்த ஆள் வாட்டுக் கட்டிலில குந்திக்கொண்டு றிப்போட் வந்திட்டுதோ எண்டு உம்மைப்போல ஒரு எச்ஓவை, இன்ரேர்ன் டொக்டரைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

நானும் இஞ்சத்த மெடிக்கல் பக்கல்ற்றிதான், கொழும்பில எம்டி, பிறகு கொன்சல்ரன்ற் ஆக வெளிநாட்டு ட்ரெயினிங் கட்டாயம் எண்டபடியா இங்கிலாந்து போனனான். அங்கதான் கண் திறந்தது. கிழமைக்கொருக்கா சேர்ஜன், றேடியோலஜிஸ்ற், ஒன்கொலஜிஸ்ற், நேர்ஸ் எல்லாரும் ஒரு அறையில இருப்பினம், மமோகிராமை ஒரு திரையில போட்டு எங்கட சிலைட்டை மற்றத் திரையில போட்டு ரெண்டும் ஒத்துவருதோ எண்டு பாப்பினம். படத்தில சுண்ணாம்புப் பொட்டுத் தெரியுது, என்ர சிலைட்டில சுண்ணாம்பு இல்லை எண்டா ஊசி தப்பான இடத்தில குத்தியிருக்கு, திரும்ப எடுக்கோணும், நான் "நோர்மல்" எண்டு எழுதிப்போட்டு தேத்தண்ணி குடிக்கப் போகேலாது. ஆளைக் காணாத வேலை எண்டு சொல்லுறவை அந்த அறைக்குள்ள ஒருக்கா இருந்து பாக்கோணும்.

சலிக்குமோ எண்டு கேட்டனீர். கிறேட் குடுக்கிறதை, அதுதான் கான்சர் எவ்வளவு மூர்க்கம் எண்டு தரம் பிரிக்கிறதை, மட்டும் எடும். 1957இல புளூமும் றிச்சட்சனும் ஒரு முறை சொல்லிச்சினம், 1991இல நொட்டிங்ஹாமில எல்ஸ்ரனும் எலிசும் அதைத் திருத்தி எழுதிச்சினம், இண்டைக்கும் அதுதான். குழாய் எவ்வளவு கட்டியிருக்கு, நியூக்கிளியஸ் எவ்வளவு கோணல், மைற்றோசிஸ் (பிரிஞ்சுகொண்டிருக்கிற செல்) எத்தினை, மூண்டுக்கும் 1 தொடக்கம் 3 வரை புள்ளி, கூட்டினா 5 வரைக்கும் கிறேட் 1, 6ம் 7ம் கிறேட் 2, 8ம் 9ம் கிறேட் 3. கேக்க சின்னப்பிள்ளைக் கணக்கு மாதிரி இருக்கும். நான் ட்ரெயினியா இருக்கேக்க லாப்புக்குப் புது மைக்கிரஸ்கோப் வந்தது, அதில ஒரு கேசை எண்ணினன், மைற்றோசிஸ் கூடிப்போச்சு, பழையதில எண்ணினா குறையுது, ஒரே சிலைட், ஒரே ஆள், கிறேட் 3ம் வருது 2ம் வருது. மேடம் சிரிச்சுப்போட்டு ஒரு பிளாஸ்ரிக் அடிமட்டத்தை லென்சுக்குக் கீழ வைச்சுப் பாக்கச் சொன்னா. புதுசின்ர வட்டம் பெரிசு. பெரிய வலை போட்டா மீனும் கூட வரும்தானே. எந்த மைக்கிரஸ்கோப்போ அதின்ர வட்டத்துக்கு ஏத்தமாதிரித்தான் கணக்கு மாறும் எண்டு பேப்பரிலயே அட்டவணை போட்டிருக்கு, நான் அதை வாசிக்காமல் எண்ணினனான். கீமோ குடுக்கிறதோ இல்லையோ எண்டது சிலவேளை அந்த ஒரு புள்ளியில தொங்கும், நினைச்சா இப்பவும் வயித்துக்க என்னவோ செய்யும்.

றிசேர்ச்சுக்கு மெசின் வேணும் எண்டது அரைவாசிக் கதை. 1985இல அமெரிக்காவில நாஷ்வில் எண்ட ஊரில டுபொண்டும் பேஜும் என்ன செய்தவை? கான்சர் இல்லை எண்டு எப்பவோ எழுதி அலுமாரியில வைச்ச பழைய பயொப்சி 10,000க்கு மேல திரும்ப எடுத்துப் பாத்தவை. பிறகு 3,300 பொம்பிளையளை, வருசக்கணக்கா ஆருக்கு என்ன நடந்தது எண்டு தேடிப் பிடிச்சவை. 100க்கு 70 பேருக்கு கூடுதல் ஆபத்தே இல்லை, "ஏற்றிப்பிக்கல் ஹைப்பர்பிளேசியா" (கான்சர் இல்லை, ஆனா செல் பெருகி வழமைக்கு மாறா நிக்கிறது) எண்ட சின்னக் கூட்டத்துக்குத்தான் நல்லாக் கூட, குடும்பத்திலயும் ஆருக்கும் இருந்தா இன்னும் கூட எண்டு வந்தது. அதுவரைக்கும் "பைப்றோசிஸ்ரிக்" எண்டு ஒரே சாக்கில கட்டிப் பயப்படுத்தின பெரும்பாலான பொம்பிளையள் நிம்மதியா வீட்ட போகலாம் எண்டு காட்டினது பழைய சிலைட்டும் ஒழுங்கா எழுதின றெஜிஸ்ரரும்தான்.

ஆனா அந்த ஏற்றிப்பியாவைப் பிடிக்கிறது லேசில்லை. 2015இல ஜாமா எண்ட மருத்துவ சஞ்சிகையில ஒரு ஆய்வு வந்தது, 115 பதோலஜிஸ்ற்மாரிட்ட சிலைட் குடுத்துப் பாக்கச் சொன்னவை. பரவின கான்சரில 96 வீதம் எக்ஸ்பேர்ட் ஆக்களோட ஒத்துப்போகினம், ஏற்றிப்பியாவில 48 வீதம். காசைச் சுண்டிவிட்டமாதிரி. உமக்கு றிசேர்ச் செய்ய இடம் இல்லையோ எண்டு கேட்டா இதுதான் இடம்.

சித்தப்பாவுக்கு என்னட்டப் பதில் இல்லை. சனலிங் இல்லை, அது உண்மை.

போமலின்_போத்தல்:

டொக்டர், குறை நினைக்காதைங்கோ, நான் எம்எல்ரி (லாப் ரெக்னோலஜிஸ்ற்), ஹிஸ்டோ லாப்பில கன வருசம். மேல சேர் சொன்னது எல்லாம் மைக்கிரஸ்கோப்புக்கு வந்த பிறகு. அதுக்கு முன்னுக்கு நடக்கிற கூத்தை நான் சொல்லுறன். ஒரு இடத்தில (எங்கயெண்டு கேக்காதைங்கோ) ஜாம் போத்தலுக்க கட்டியை அனுப்பினவை. போகேக்க மெத்தெண்டு போயிருக்கும், போமலினில ஊறி இறுகின பிறகு வெளிய வருகுதில்லை, கடைசியில போத்தலை உடைச்சு கண்ணாடித் தூள் பொறுக்கினனாங்கள். இன்னொருக்கா முழு மார்பு, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒப்பரேசன், வெட்டித் திறக்காமல் அப்பிடியே சின்ன வாளிக்க அமத்தி, திங்களும் போயாவாப் போச்சு, செவ்வாய் திறந்தா வெளிப்பக்கம் ரப்பர் மாதிரி, நடுவுக்க ட்யூமர் கூழ். போமலின் ஒரு நாளில ஒரு சில மில்லிமீற்றர்தான் உள்ளுக்குப் போகும், அதுக்கென்ன லீவோ விளங்கும்.

அந்தக் கூழில ஈஆர் (ஈஸ்ரஜன் ஹோர்மோன் றிசெப்ரர் இருக்கோ எண்டு பாக்கிற சாயம்) போட்டா நெகற்றிவ் எண்டு வரலாம், உண்மையில பொசிற்றிவா இருந்தும். அப்ப அந்த அம்மாவுக்கு அஞ்சு வருசம் குடிக்க வேண்டிய ஹோர்மோனைத் தடுக்கிற குளிசை கிடையாது. வெட்டி எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள 10% பபர்ட் போமலினுக்க போகோணும், 6 மணித்தியாலம் தொடக்கம் 72 மணித்தியாலத்துக்குள்ள எடுக்கோணும் எண்டு அமெரிக்கன் கைட்லைனிலயே இருக்கு. எத்தினை மணிக்கு வெட்டினது எண்டு போமில எழுதினாத்தானே நாங்கள் கணக்குப் பாக்கலாம்? எச்ஓமார் எழுதிறேல்ல. "பிறெஸ்ற் லம்ப், கேள்விக்குறி, சிஏ" (கட்டி, கான்சரோ எண்டு) எழுதி சைன் வைச்சா முடிஞ்சுது. றிசேர்ச் செய்யப் போறீங்கள் எண்டா உந்தப் போமில இருந்து தொடங்குங்கோ.

கோண்டாவில் அக்கா:

நான் டொக்டரும் இல்லை ஒண்டும் இல்லை, ரியூசன் ரீச்சர், தெல்லிப்பழையில மருந்து ஏத்தினனான். என்ர றிப்போட்டில ஹெர்2 (சில கான்சர் செல்லில கூடிக் கிடக்கிற புரதமாம்) எண்டதுக்குப் பக்கத்தில 2+ எண்டு இருந்தது. 0 எண்டா இல்லை, 3+ எண்டா இருக்கு, 2+ எண்டா தெரியாதாம், இன்னொரு ரெஸ்ற் கொழும்புக்கு அனுப்போணுமாம், பிஷ் எண்டு பேர். நான் மீன் சாப்பிடுறதைப் பற்றித்தான் கேக்கினம் எண்டு நினைச்சு விரதம் எண்டு சொன்னனான், நேர்ஸ் பிள்ளை சிரிச்ச சிரிப்பு!! அது வாறவரைக்கும் நித்திரை இல்லை. அந்தப் பேப்பரின்ர அடியில ஒரு கையெழுத்து, கொத்து றொட்டி கொத்தினமாதிரி. அந்த ஆளை நான் இண்டைவரைக்கும் கண்டதில்லை, ஆம்பிளையோ பொம்பிளையோ எண்டும் தெரியாது, நல்லூர் தேருக்குப் போகேக்க அந்தக் கையெழுத்துக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டனான். பிள்ளை, நீங்கள் படியுங்கோ. ஆனா ஒரு நாளைக்கு வெளிய வந்து ஒருக்கா மூஞ்சையைக் காட்டுங்கோ.

கண்ணாடித்துண்டு:

அக்கா, 2+ எண்டு எழுதிறவருக்கும் அண்டைக்கு நித்திரை இல்லைத்தான். 1998இல அமெரிக்காவில ஹெர்2ஐத் தாக்கிற ஹெர்செப்டின் மருந்துக்கு அனுமதி குடுத்த நாளில இருந்து சிலைட்டில ஹெர்2 சாயத்தின்ர உந்த மண்ணிற நிறத்தைப் பாத்து முடிவெடுக்கிற பாரம் எங்கட தலையில. தேவையில்லாத ஆளுக்குக் குடுத்தா காசும் போய் இதயத்தையும் தாக்கலாம், தேவையான ஆளுக்குக் குடுக்காட்டி அது வேற கதை. முந்தி 1+ எண்டா கண்ணை மூடிக்கொண்டு நெகற்றிவ், 2022க்குப் பிறகு "ஹெர்2 லோ" எண்டு அதுக்கும் மருந்து வந்திட்டுது, இப்ப 0வோ 1+ஓ எண்டும் மல்லுக்கட்டவேண்டிக் கிடக்கு. மூஞ்சையைக் காட்டுறதைப் பற்றி நீங்கள் சொன்னது சரி.

வடலி:

எல்லாருக்கும் நன்றி. அம்மாவுக்கு கோண்டாவில் அக்கா எழுதினதை வாசிச்சுக் காட்டினனான், ஒண்டும் கதைக்கேல்ல, குசினிக்க போட்டா. அது நல்ல அறிகுறி எண்டுதான் நினைக்கிறன்.

போமலின் அண்ணை, உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது... இண்டைக்குக் காலமை தியேட்டரில இருந்து போன போமில நானும் அப்பிடித்தான் எழுதினனான். கேள்விக்குறி, சிஏ. நேரம் போடேல்ல.

போமலின்_போத்தல்:

எங்கட லாப்புக்கும் இண்டைக்கு அப்பிடி ஒண்டு வந்தது டொக்டர், வலமோ இடமோ எண்டும் இல்லை.

வடலி:

ஐயோ. அது இட...

போமலின்_போத்தல்:

இஞ்ச எழுதாதைங்கோ டொக்டர், லாப்புக்குப் போன் எடுங்கோ. நாலு மணி மட்டும் நிப்பன்.