சனிக்கிழமை: ஓவியமா, பரதமா, கூத்தா?

புதுச்சேரி நண்பர்களே, ஒரு யோசனை சொல்லுங்க. வர்ற சனிக்கிழமை மூணும் ஒண்ணா வருது. பாரதி பூங்கா பக்கம் ஓவியக் கண்காட்சித் திறப்பு, ஆறு மணி. ஆரோவில் பாரத் நிவாஸ்ல பரதநாட்டியம், ஏழு மணி. பாகூர் பக்கத்துக் கிராமத்துல திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்து.

ஓவியம் மறுநாளும் சுவத்துல இருக்கும், விட்டுடலாம். (வரைஞ்சவங்ககிட்ட பேச முடியாதுங்கிறதுதான் வருத்தம்.) கூத்து விடிய விடிய நடக்கும், அதனால நாட்டியம் முடிஞ்சே போகலாம்னு வீட்டுல சொல்றாங்க. ஆனா எனக்கு ஆசையே அரிதாரம் பூசி, கிரீடமும் தோள்ல மாட்டுற புஜக்கட்டையும் கட்டுறதைப் பார்க்கத்தான். ஆரோவில் வடக்க, பாகூர் தெற்க. ஊரையே குறுக்க கடக்கணும்.

வேஷம் கட்ட எத்தனை மணிக்கு உட்காருவாங்க? பக்கத்துல நின்னு பார்க்க விடுவாங்களா? பத்து வயசுப் பொண்ணும் கூட வர்றா. ராத்திரி ஸ்கூட்டர்ல திரும்ப அந்த ரோடு பரவாயில்லையா?