பிள்ளைக்குக் கூடுதல் பாட உதவி தேடிய அனுபவங்கள்

திருநகரிலிருந்து ஒரு தாய்:
மகன் ஆறாம் வகுப்பு, டியூஷனுக்கும் செல்கிறான். ஒரு மாலை அவன் தமிழ்ப் பாடத்தைத் தடையின்றி ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, என் மாமியார் பக்கத்தின் நடுவே விரலை வைத்து, "இது என்ன சொல்லுப்பா?" என்று கேட்டார். அவன் முதல் வரிக்குத் திரும்பி, அங்கிருந்து ஒப்பித்தபடியே அந்தச் சொல்லுக்கு வந்து சேர்ந்தான். டியூஷன் ஆசிரியையிடம் கூறியதற்கு, "மார்க் வருதேக்கா, அப்புறம் என்ன?" என்றார். அந்தப் பதில் இன்றும் உறுத்துகிறது.

ஒத்தக்கடையிலிருந்து ஒரு தந்தை:
சகோதரி, அந்த ஆசிரியையை மட்டும் குறை கூறுவது நியாயமன்று; மார்க்கைத்தானே நாமும் கேட்கிறோம்? என் மகள் 40-இலிருந்து 17-ஐக் கழித்து 37 என்றே எழுதிவந்தாள். எங்கள் தெருவின் 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலர் தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டை அவளையே அவிழ்க்கச் சொன்னார். கடன் வாங்கிக் கழிப்பது அன்றுதான் அவளுக்குப் புரிந்தது. தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய அந்த மாலைநேரக் கற்பித்தல் திட்டத்தில் நாங்கள் கட்டணம் எதுவும் கட்டவில்லை.

மேலூரிலிருந்து:
இருவரும் பள்ளியை மறந்துவிட்டீர்கள். என் அக்கா மகன் எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதி, சோம்பேறி என்று பெயர் வாங்கினான். திருநகர் சகோதரி கேட்கவில்லை என்றாலும் கூறுகிறேன்: முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு நோட்டுடன் வகுப்பாசிரியரைச் சந்தித்து, மதிப்பெண்ணைப் பற்றிப் பேசாமல், எழுத்துக்கூட்டுவதில் தடுமாறுகிறானா, படித்ததன் பொருள் விளங்கவில்லையா என்று கேளுங்கள். ஐயம் தொடர்ந்தால், வட்டார வள மையத்தின் (வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை மையம்) சிறப்பாசிரியர் பார்க்க ஏற்பாடு செய்யும்படி தலைமையாசிரியரிடம் எழுத்தில் கோருங்கள். கற்றல் குறைபாட்டை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே அங்கீகரித்துள்ளது. மருத்துவச் சான்று இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளுக்கு விண்ணப்பிக்கலாம். வகுப்பாசிரியரே தனியாக டியூஷனுக்கு வரச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 28-ஆம் பிரிவில் அதைத் தடை செய்கிறது. விடுமுறை நாள்களில் மதுரை நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பகுதிக்கு அழைத்துச் சென்று, அவனே தேர்ந்தெடுக்கும் கதையை வாசிக்கவிடுங்கள். அதை முன்கூட்டியே மனப்பாடம் செய்திருக்க முடியாதல்லவா?

உசிலம்பட்டியிலிருந்து:
மேலூர்க்காரர் கூறுவது சரியே. ஆனால் எழுத்தில் கோருவதற்கு முதலில் எழுதத் தெரிய வேண்டும். சித்தாள் வேலைக்குச் செல்லும் என் தங்கை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்குச் சென்றாள். "வீட்டில் நீங்கள்தான் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்" என்று கூறிய ஆசிரியர், அடுத்த நொடியே பதிவேட்டில் அவள் கைநாட்டு வைக்க மைப்பெட்டியை நகர்த்தினாராம். இப்போது எதிர்வீட்டுக் கல்லூரி மாணவிதான் பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுத்தருகிறாள். பணம் வேண்டாம் என்கிறாள். அவளுக்கு என்ன செய்வது முறையாக இருக்கும் என்று எவரேனும் கூறினால் உதவியாக இருக்கும்.